எருமை துப்பறிந்த கோடை

என் வயசுக்காரர்களே, ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். சின்ன வயதில் உங்களைவிட ஒரு காரியத்தை நன்றாகச் செய்த ஆள் ஒருத்தர் இருந்திருப்பாரே, கோலி அடிப்பதில், நீச்சலில், மரம் ஏறுவதில்? அந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் அடிவயிற்றில் லேசாகக் காந்துகிறதா, இல்லையா? எனக்குக் காந்துகிறது. ஐம்பது தாண்டி, முழங்கால் வலியெல்லாம் வந்த பிறகும் அது மட்டும் போகவில்லை.

நான் படித்தது பத்தாவது வரைக்கும்தான். பிழைப்பு, பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுவது. கரண்ட் இல்லாத நேரத்தில் கடையில் சும்மா உட்கார முடியாமல் பிள்ளைகளுக்குக் கதை எழுத ஆரம்பித்தேன். எல்லாம் துப்பறியும் கதை. துப்பறிவது எல்லாம் விலங்கு. நாய், கீரி, ஆந்தை, ஒரு தடவை நண்டுகூடத் துப்பறிந்திருக்கிறது. நூலகத்தில் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வார்கள், பிள்ளைகள் கை தட்டும். அந்தப் பிள்ளைகளுக்கும், அவர்களைக் கூட்டிவருகிற உங்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். இதில் வருவது என் கதை இல்லை. இன்னொருத்தியின் கதை. அதுதான் விஷயமே.

அப்பா அந்த வருஷம் கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு முந்திரித் தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். பள்ளிக்கூடம் லீவு. பழுத்த பழமெல்லாம் கீழே விழுந்து நசுங்கி, வெயிலில் புளித்து, தோப்பு முழுக்கக் கள்ளு வாடை அடிக்கும். சட்டையில் சாறு பட்டால் சட்டை கிழிகிற வரைக்கும் அந்தக் கறை போகாது. பழத்தை உப்புத் தொட்டுத் தின்றால் தொண்டை கரகரவென்று பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டாலும் தின்போம்.

காலையில் பெரியவர்கள் கொட்டை பொறுக்குவார்கள். அவர்கள் முடித்த மரத்தடியில் சருகைக் கிளறி, விட்டுப்போனதைப் பிள்ளைகள் எடுத்துக்கொள்ளலாம். பழத்தைப் பிடித்துக் கொட்டையைத் திருகினால் டக்கென்று கையோடு வரும். சாயங்காலம் ஐஸ்காரர் வருவார். சைக்கிள் கேரியரில் மரப்பெட்டி, மூடியை டப்டப்பென்று தட்டிக்கொண்டே வருவார். காசு வேண்டாம். கொட்டையைக் கொடுத்தால் சேமியா ஐஸ். அந்த மாதிரிப் பெட்டியை இப்போது எங்கேயும் காணோம்.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. உச்சி வெயிலில் ஒருத்தர் கதை சொல்லவேண்டும். முந்திரிக் கிளை தரையில் படுத்து எழுந்து போகுமே, அப்படி ஒரு கிளைதான் கதை சொல்கிறவர் உட்காரும் இடம். அங்கே உட்கார்ந்தவர் கொட்டை பொறுக்க வேண்டாம். மற்றவர்கள் சுற்றிலும் பொறுக்கிக்கொண்டே கேட்பார்கள். கதை பிடித்திருந்தால் ஆளுக்கு ஒரு கை கொட்டையை அவர் கூடையில் போடவேண்டும். அதற்குக் ‘கதைக் கை’ என்று பேர். பிடிக்காவிட்டால் போடவேண்டாம். ஏன் போடவில்லை என்று கேட்கவும் கூடாது.

அந்தக் கிளை என்னுடையது. அப்பாவின் தோப்பு என்பதால் இல்லை. அப்படிச் சொன்னால் மற்ற பிள்ளைகள் உதைத்திருப்பார்கள். என்னிடம் மேஜர் இருந்தார். மேஜர் ஒரு துப்பறியும் நாய். தொப்பி, கறுப்புக் கண்ணாடி எல்லாம் உண்டு. குனிந்து மோப்பம் பிடிப்பார், “இதோ!” என்பார், ஒரே பாய்ச்சல், நரி வாயில் கிடக்கும். திருடன் எப்போதும் நரிதான். என் தங்கச்சி “அய்யோ மேஜரு!” என்று குதிப்பாள். கூடை நிறையும்.

அப்படி இருக்கும்போது மாமா வந்தார். அம்மாவின் அண்ணன், வேப்பந்தட்டைப் பக்கம். தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். என்னைவிட ஒரு வயது மூத்தவள். அவளுடைய அம்மா, எங்கள் அத்தை, வெகுநாள் படுக்கையில் கிடந்து தை மாதம் தவறிப்போயிருந்தார். அவள் பரிட்சையில் வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வந்தாளாம். பேச்சும் குறைந்துபோயிருந்தது.

“மந்தமாப் போச்சுங்க புள்ள. சொன்னா ஏறமாட்டேங்குது” என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள். மாமா மகள் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னாடியே சொன்னாள். எங்களுக்கு அது தப்பாகவே படவில்லை.

தோப்பில் பெண்கள் என்னைத்தான் பிடித்துக்கொண்டார்கள். “என்னடா, மாமன் மவ ஒன்னத் தேடி வூட்டுக்கே வந்துட்டா! தாலிக்குச் சொல்லிருவமா?” நான் ஓடி ஒளிவேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டாள்.

ஒரு நாள் மேஜர் நரியின் வாடையைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தார். அவள் சருகைக் கிளறியபடியே கேட்டாள்.

“இந்தத் தோப்பு வழியாவா போச்சு?”

எல்லாரும் திரும்பினோம். அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

“ஆமா. ஏன்?”

“இங்க ஒரே முந்திரிப்பழ நாத்தமா இருக்கே. நாய்க்கு எப்படி நரி வாடை வரும்?”

ஒரு பையன் மூக்கை உறிஞ்சிப் பார்த்தான். இன்னொருத்தி உறிஞ்சினாள். என் தங்கச்சியும் உறிஞ்சினாள். “ஆமாண்ணே, ஒண்ணும் தெரியல” என்றாள். அவ்வளவுதான். மேஜர் அங்கேயே நின்றுவிட்டார்.

“அப்பன்னா நீ வந்து சொல்லேன், பாப்போம்!” என்று கிளையை விட்டு இறங்கினேன். அவள் வந்து சொதப்புவாள், எல்லாரும் சிரிப்பார்கள், நான் திரும்ப ஏறிக்கொள்ளலாம் என்று கணக்கு.

அவள் கிளையில் ஏறாமல் அதற்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள்.

“ஒரு ஊர்ல ஒரு எருமை” என்றாள்.

“எருமையா? எருமை எப்படித் துப்பறியும்?”

“அது துப்பறியாது. படுத்துருக்கும்.”

சிரித்தார்கள். நான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். அவள் சிரிப்பு அடங்குகிற வரைக்கும் காத்திருந்து, மேலே சொன்னாள்.

“ஒரு வூட்டுல தெனமும் கோழி முட்டை காணாமப் போவுது. கோழி கொக்கொக்குன்னு ஊரக் கூட்டி அழுவுது. நாய் வந்து மோந்து பாத்துட்டு, கீரிதான் எடுத்துச்சுன்னுச்சு. கீரி, காக்கான்னுச்சு. காக்கா, பூனைன்னுச்சு. எருமை வந்து வாசல்ல படுத்துச்சு. ஒண்ணும் கேக்கல. அச போட்டுச்சு.”

இந்த இடத்தில் அவள் கண்ணைப் பாதி மூடி, கீழ்த்தாடையை ஒரு பக்கமாகத் தள்ளி, மெதுவாக அசை போட்டாள். உங்களிடம் எப்படிச் சொல்வது? அவள் முகத்தில் எருமையைத் தவிர வேறு யாரும் இல்லை. ஒரு ஈயை விரட்டக் காதைக்கூட ஆட்டிவிடுவாளோ என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

“எருமை முன்னாடி யாரு ஒளிச்சுப் பேசுவாங்க? பூனை அது பக்கத்துல உக்காந்துகிட்டு, ‘நேத்துப் பாலக் குடிச்சேன், முட்டைய மட்டும் நான் எடுக்கல’ன்னு தன்னால பேசுச்சு. காக்கா அது முதுவுல உக்காந்துகிட்டு, ‘சோப்பத் தூக்குனேன், முட்டை நான் இல்ல’ன்னுச்சு. கீரியும் வந்துச்சு, அதுவும் இல்ல. ஒரு மத்தியானம் கோழி வந்துச்சு. இந்தப் பக்கம் பாத்துச்சு, அந்தப் பக்கம் பாத்துச்சு. எருமை மட்டுந்தான் இருக்கு. நேரா வைக்கப்போருக்குப் பின்னாடி போயி உக்காந்துச்சு. அடியில அத்தன முட்டையும்.”

“கோழியே திருடியா!” என்று ஒருத்தி கத்தினாள்.

“திருடி இல்ல. வாசல்ல இட்டா வூட்டுக்காரி எடுத்துக் கொழம்பு வெச்சுடுறா. அதுக்குக் குஞ்சு வேணும்.”

“அப்புறம்? எருமை யாருகிட்டப் போய்ச் சொல்லுச்சு?”

“சொல்லல. எந்திரிச்சுப் போயி வைக்கப்போருக்கு முன்னாடி படுத்துக்கிச்சு. யாரும் அந்தப் பக்கம் போவ முடியாதபடிக்கு.”

தோப்பில் சருகுச் சத்தம்கூட இல்லை. ஒருத்தரும் பொறுக்கவில்லை. என் கதைக்கு ஒரு நாளும் பொறுக்குகிற கை நின்றதில்லை. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

“கண்டுபுடிச்சுட்டு யாருகிட்டயும் சொல்லாமப் போறதுக்குப் பேரு துப்பறியறதா?” என்றேன்.

என் தங்கச்சி சொன்னாள். “சொன்னா கொழம்பு வெச்சுடுவாங்கல்லண்ணே.” சொல்லிவிட்டு, என் கூடப்பிறந்தவள், இரண்டு கையாலும் அள்ளி அவள் கூடையில் போட்டாள்.

அப்புறம் தினமும் எருமைதான். ஆட்டின் கழுத்து மணி தொலைந்தது, எருமை படுத்தது. கல்யாண வீட்டில் லட்டு குறைந்தது, எருமை படுத்தது. திருடர்கள் யாரும் கெட்டவர்களாக இல்லை. எதையாவது ஒளித்துவைக்கக் காரணம் இருந்தவர்கள். பிள்ளைகள் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தாடையைத் தள்ளி அசை போட்டுக்கொண்டே போனார்கள். நான் சருகைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

சும்மா விடவில்லை. மேஜருக்கு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன். ஒரு சிங்கத்தை அவருக்கு உதவியாளாகச் சேர்த்தேன். எதுவும் எடுபடாமல் போனதும், ஒரு நாள் மேஜர் அந்த எருமையையே திருடன் என்று பிடித்து விலங்கு மாட்டினார். என்ன நடந்தது தெரியுமா? பிள்ளைகள் சண்டைக்கு வந்துவிட்டார்கள்.

“எரும எதுக்குத் திருடும்? எடுத்து எங்க வெச்சுக்கும்?”

“அதுக்குப் பையி ஏது, மடி ஏது?”

“நாலு காலு இருக்கு, எந்தக் கால்ல வெலங்கு போட்டாரு ஒங்க மேஜரு?”

என் கூடையில் ஒரு கொட்டைகூட விழவில்லை. அவள் மட்டும் அசை போட்டபடி என்னைப் பார்த்தாள். சிரித்திருந்தால்கூடத் தேவலை.

சாமிக்கு வேண்டிக்கொண்டேன். இவள் ஊருக்குப் போய்விடவேண்டும், எனக்கு என் கிளை திரும்ப வேண்டும். வேறெதுவும் கேட்கவில்லை.

வைகாசி முடிகிற சமயம் மாமா ஒரு மூட்டை சின்ன வெங்காயத்தோடு வந்தார். கூடத்தில் பாய் போட்டு உட்கார்ந்தார்கள். அவள் ஓரமாக உட்கார்ந்து அந்த வெங்காயத்தையே உரித்துக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் நின்றிருந்தேன்.

“மாப்ள, இத நான் கூட்டிட்டுப் போயி என்ன பண்றது?” என்றார் மாமா. “பள்ளிக்கூடத்துல, கண்ணத் தொறந்துகிட்டே தூங்குதுன்னு சொல்றாங்க. நான் காட்டுக்குப் போயிட்டா வூட்டுல ஆளில்ல. இங்கேயே ஒங்களோட கெடக்கட்டுமே. தங்கச்சிக்கு ஒத்தாசையா இருக்கும்.”

“இருக்கட்டும் மச்சான். படிச்சு என்ன கலெக்டரா ஆவப்போவுது?” என்றார் அப்பா.

“நாள பின்ன வயசுக்கு வந்தா, இவனுக்கே கட்டி வெச்சுடுவோம்” என்று அம்மா சிரித்தாள்.

எனக்குக் கல்யாணமெல்லாம் காதில் ஏறவில்லை. இங்கேயே கெடக்கட்டும் என்பதுதான் ஏறியது. இந்தக் கோடை, அடுத்த கோடை, அதற்கடுத்த கோடை. எல்லாக் கோடையிலும் எருமை வந்து என் கிளைக்கடியில் படுத்துக்கொள்ளப் போகிறது.

“வேணாம்!” என்று கத்தினேன். “மாமா, அவளக் கூட்டிட்டுப் போயிடுங்க. அவ பள்ளிக்கூடம் போவணும்.”

அப்பா நிமிர்ந்தார். “ஏன்டா?”

என்ன சொல்வது? பொறாமை என்று எந்தப் பிள்ளை சொல்லும்? வாயில் வந்ததைச் சொன்னேன். “அவ மந்தமில்ல. எங்க யாருக்கும் வராத கதையெல்லாம் அவளுக்கு வரும்.”

“இவளுக்கா? கதையா? எங்க, சொல்லு பாப்போம்.”

மாட்டிக்கொண்டேன். அவளைப் போகவைக்க வேண்டுமானால் அவள் கெட்டிக்காரி என்று நிரூபிக்க வேண்டும், அதுவும் என் வாயாலேயே. சொன்னேன். கோழி, கீரி, காக்கா, பூனை எல்லாம் சொன்னேன். மாமா தலையாட்டிக்கொண்டிருந்தார். அப்பா கொட்டாவி விட்டார்.

“எருமை வந்து கொளத்துல படுத்துச்சு...”

“கொளத்துல இல்ல” என்றது ஓரத்திலிருந்து ஒரு குரல். “வாசல்ல. கொளத்துல படுத்தா வைக்கப்போரு எப்படித் தெரியும்? இவன் தப்புத் தப்பாச் சொல்றான்.”

கையில் உரித்த வெங்காயத்தோடு அவள் முதலிலிருந்து ஆரம்பித்தாள். தாடை நகர்ந்ததும் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பூனை பேசியபோது அப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். என் அப்பா! நான் சொன்ன ஒரு கதைக்கும் அவர் அப்படிச் சிரித்ததில்லை. எருமை வைக்கோல் போருக்கு முன்னால் போய்ப் படுத்ததும் மாமா மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நீயா இதெல்லாம் கட்டுன?”

“ம்.”

“அப்ப பரிட்சையில ஏன் ஒண்ணும் எழுதல, ஆயி?”

“அம்மாவுக்கு முடியாம இருந்தப்ப நான் பள்ளிக்கூடம் போவவே இல்லல்லப்பா. நடத்துனது தெரியாது. யாரும் ஏன்னு கேக்கல. மந்தம்னாங்க. சரின்னு இருந்துட்டேன்.” அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள். “மந்தம்னா எல்லாத்தையும் நம்ம முன்னாடியே பேசுறாங்க.”

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே வேலை எதுவும் இல்லை.

இரண்டு நாள் கழித்து மாமா அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். பெரம்பலூரில் ஹாஸ்டலோடு ஒரு பள்ளிக்கூடம் பார்த்துச் சேர்ப்பதாகப் பேச்சு. பஸ் கிளம்பும்போது அவள் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து மெதுவாக ஒரு தடவை அசை போட்டாள். அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் எதற்காகக் கத்தினேன் என்று அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்திருந்தது. தெரிந்தும் யாரிடமும் சொல்லவில்லை.

பெரியவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். “மாமன் மவளுக்காக எப்படி வாதாடுனான் பாரு! தங்கமான மனசு!” என்று குழாயடியில் அம்மா சொல்லப்போக, பெண்கள் எல்லாரும் என் கன்னத்தைக் கிள்ளினார்கள். சின்னப் பிள்ளை மனசில் என்ன எரிகிறது என்று பெரியவர்களுக்குத் தெரிவதே இல்லை. தெரியாமல் இருப்பதும் ஒரு விதத்தில் நல்லதுதான்.

கிளை எனக்குத் திரும்பக் கிடைத்தது. ஏறி உட்கார்ந்து, “மேஜர் கெளம்பினார்” என்றேன். பிள்ளைகள் கொஞ்ச நேரம் மரியாதைக்கு உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் ஒருத்தன் எழுந்து பக்கத்து மரத்துக்குப் போனான். இன்னொருத்தி போனாள். தங்கச்சி மட்டும் இருந்தாள்.

“ஒனக்காச்சும் புடிச்சுருக்கா?” என்றேன்.

“நீ சொல்லுண்ணே. எரும வர்ற வரைக்கும் இருக்கேன்” என்றாள்.

அந்தத் தங்கச்சியின் மகனுக்குப் போன ஆவணியில் அரியலூரில் கல்யாணம். மாமா மகளும் வந்திருந்தாள். பெரம்பலூரில் ஆபீஸ் உத்தியோகம், கண்ணாடி, பாதி நரைத்த தலை. இடையில் எத்தனையோ விசேஷத்தில் பார்த்திருக்கிறோம், நலம் விசாரித்திருக்கிறோம். எருமையைப் பற்றி மட்டும் நான் வாயைத் திறந்ததில்லை. அன்றைக்கு, காலம் போன காலத்தில் பிறந்த என் கடைசி மகள், “எங்கப்பா துப்பறியும் கதையெல்லாம் எழுதுவாங்க, பெரியம்மா” என்று பெருமையாகச் சொல்லிவிட்டாள்.

“அட, நீ கதையெல்லாம் எழுதுறியாடா? எனக்குத் தெரியாதே!”

சுருக்கென்றது. கேட்டுவிட்டேன். “ஒன்னோட எருமை ஞாபகம் இருக்கா?”

“எந்த எருமை? எங்கப்பா கடைசியா வித்தாரே, அதுவா?”

தோப்பு, கோழி, வைக்கோல் போர், எல்லாம் எடுத்துச் சொன்னேன். காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டுக் கலகலவென்று சிரித்தாள். “நானா சொன்னேன்? சும்மா ஏதாச்சும் ஒளறியிருப்பேன். நல்லா இருக்கே, நீயே எழுதிக்கயேன்.”

நான் இத்தனை வருஷமாக நெஞ்சுக்குள் வைத்துக் காந்திக்கொண்டிருந்த ஒன்றை அவள் எங்கேயோ வைத்துவிட்டு மறந்துபோயிருக்கிறாள். நிறைய இருக்கிறவர்களுக்குத்தான் அப்படி மறக்க முடியும். அந்த வினாடி பட்ட பொறாமையை நான் தோப்பில்கூடப் பட்டதில்லை.

அப்போது ஒரு குழந்தை செருப்பைக் காணோம் என்று அழுதுகொண்டே வந்தது. அவள் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, மண்டபத்துச் சுவரை அண்ணாந்து பார்த்தாள். டியூப்லைட் ஓரத்தில் ஒரு பல்லி.

“அழுவாத. அந்தா இருக்கார் பாரு, அவருக்கு எல்லாம் தெரியும். இந்த மண்டபத்துல நடந்த அத்தன கல்யாணத்தையும் பாத்தவரு. யாரு எதை எடுத்தா, எங்க ஒளிச்சா, எல்லாம் தெரியும். ஒரே ஒரு கொறதான் அவருக்கு...”

ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் நின்றார்கள். ஒவ்வொன்றாக வந்து தரையில் உட்கார்ந்தார்கள். என் பக்கத்தில் இருந்த என் மகளும் எழுந்து போய் அவர்களோடு உட்கார்ந்துவிட்டாள்.

பல்லி! இத்தனை வருஷம் எழுதியும் எனக்குப் பல்லி தோன்றியதே இல்லை. என் கடைச் சுவரில் மூன்று பல்லி இருக்கிறது.

“அவருக்கு ஒரே ஒரு சொல்லுதான் பேச வரும்” என்றாள் அவள். “யாராச்சும் உண்மையச் சொன்னா, அப்ப மட்டுந்தான் அதையும் சொல்லுவாரு. அதனால செருப்பத் தேடுறவங்க என்ன பண்ணாங்கன்னா...”

நிறுத்தினாள். கண்ணைப் பாதி மூடிக்கொண்டாள்.

“என்ன பண்ணாங்க?” என்று கேட்டேன். நான்தான் கேட்டேன், அந்த மண்டபத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி. நாற்காலியை எப்போது அவ்வளவு கிட்டத்தில் இழுத்துப் போட்டேன் என்று தெரியவில்லை.

என் மகள் திரும்பி, உதட்டில் விரலை வைத்தாள்.

“உஸ்ஸ்! குறுக்க பேசாதீங்கப்பா. கத கேக்குறோம்ல!”